தின்னர் பாட்டிலும் ஒரு தம்ளர் உப்புத்தண்ணீரும்

சித்திரை பிறந்த மூன்றாம் நாள் காலையில் ஜன்னலைத் திறந்ததும் பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை வந்து மூக்கில் ஏறியது. எதிர்வீட்டு வாசலில் யாரோ பெயிண்ட் டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார்கள். தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது என்று காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆட்களா நாம்? மீன்பிடி லாஞ்சுகளையெல்லாம் காசிமேட்டுத் துறைமுகத்தில் கட்டிப்போட்டாயிற்று. மீன் குஞ்சு பொரிக்கும் காலம், ஆழக்கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டால், அந்த இரண்டு மாதமும் போட்டுக்காரர்களுக்கு வலை பார்ப்பதும் இன்ஜின் கழற்றுவதும் பெயிண்ட் அடிப்பதும்தான் பிழைப்பு. வேலை நடப்பது துறைமுகத்தில். வாடை அடிப்பது நம் தெருவில்.

நான் ஜன்னலை மூடவில்லை. இந்த வாடை வந்ததும் நீ சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவாய் என்று, புத்தி கெட்டுப்போய், கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் சுரணை வந்தது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ இல்லாமல் வருகிற முதல் தடைக்காலம் இது.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதற்கு வந்து சேருவதற்குள் நான் எங்கெங்கோ போவேன், பொறுத்துக்கொள். ஒரு கிலோ வெங்காயம் வாங்கிய கதையைச் சொல்லவே எனக்கு அரைமணி நேரம் வேண்டும். "மேட்டருக்கு வாமே" என்று தொடையில் அடிப்பதற்கு நீயும் இல்லை.

நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது என்னை எல்லோரும் வெளியூர்க்காரி என்றுதான் சொன்னார்கள். வியாசர்பாடியும் ஒரு வெளியூராம். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடுகிற தூரம். ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. போட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். அம்மா வீட்டுக் கதவு எனக்கு மூடிவிட்டது. இங்கே யாருக்கும் நான் உறவில்லை. கிழங்கா மீனுக்கும் சங்கராவுக்கும் வித்தியாசம் தெரியாமல் உன் கூடைக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்ற முதல் நாளே நீ சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. அன்று மத்தியானமே ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து உன் மாமியாரைப் பற்றிக் குறை சொன்னாய். நமக்கு நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான். நீ அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கம் "நூறு வயசு" என்பேன். அது பொய்யாய்ப் போயிற்று.

தடைக்காலத்திலும் உனக்கு ஓய்வு கிடையாது. லாஞ்சு போகாவிட்டாலும் ஃபைபர் போட்டில் கரையோரம் போய்க் கொஞ்சம் மீன் கொண்டுவருவார்கள். அந்தக் கொஞ்சத்துக்குப் போட்டி அதிகம் என்பதால் நீ விடிவதற்கு முன்பே கூடையோடு கிளம்பிவிடுவாய். உன் வீட்டுக்காரரும் மாமியாரும் உனக்கு முன்பே துறைமுகத்து வேலைக்குப் போயிருப்பார்கள். தூங்குகிற உன் மகள் தேன்மொழியை அப்படியே தூக்கிவந்து என் பாயில் போட்டுவிட்டுப் போவாய். அப்போது உன் தேனுவுக்கு மூன்று வயது. என் மகன் நான்கு மாதக் கைக்குழந்தை. இரண்டு பிள்ளைக்கும் நடுவில் நான் படுத்திருப்பேன்.

தெருவில் அப்போது எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம்தான். வேலைக்குப் போகிற ஆண்கள் பெரிய கேனிலிருந்து கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தின்னரை ஊற்றிக்கொண்டு போவார்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்புத்திட்டுக்குக் கீழேயோ மாடிப்படி அடியிலேயோ வைப்பார்கள். டீசலும் அப்படித்தான், மண்ணெண்ணெயும் அப்படித்தான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் தெரியாதா என்பது பெரியவர்களின் நினைப்பு. தண்ணீர் மாதிரியே இருக்கிற ஒன்றை, படம் போட்ட பாட்டிலில் பார்த்தால், மூன்று வயதுப் பிள்ளை மோந்து பார்த்தா குடிக்கும்?

அன்றைக்கு ஏழு மணி இருக்கும். நான் சுவர்ப்பக்கம் திரும்பி மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தேனு இருமினாள். வெறும் இருமல் என்றுதான் நினைத்தேன். அப்புறம் வாடை வந்தது. திரும்பினால், அடுப்புத்திட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். கையில் பாட்டில், கவுன் முழுக்க நனைந்திருக்கிறது, கண்ணில் நீர். அது என் வீட்டுப் பாட்டில். என் வீட்டுக்காரர் முந்தின நாள் சாயங்காலம் கொண்டுவந்து வைத்தது. மேலே எடுத்து வைக்கவேண்டும் என்று நினைத்தேன், வைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் யாராவது எதையாவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்துக் கக்கவைப்பார்கள். நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது அதுதான். ஒரு தம்ளர் தண்ணீரில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்ட ஆட்ட, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினேன். தொண்டைக்குள் விரலை விட்டேன். வாந்தி வந்தது. நல்லவேளை என்று நினைத்தேன். இன்னொரு முறை விரலை விட்டேன். அந்த வாந்திக்கு நடுவில் அவளுக்குப் புரையேறியது. அதன் பிறகு அவள் இருமியதை என்னால் இன்றைக்கும் எழுதமுடியவில்லை. மூச்சு இழுத்தது. கண் சொருகியது. உதட்டின் நிறம் மாறியது.

அந்த நேரத்தில்தான் நீ கூடையோடு வாசலில் வந்து நின்றாய். எல்லாவற்றையும் பார்த்தாய். என் கை, உப்பு டப்பா, தம்ளர், தரையில் கிடந்த வாந்தி, எல்லாவற்றையும். கூடையை அப்படியே போட்டாய். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அந்தப் பாட்டில். தெருமுனை ஆட்டோவை நிறுத்தி ஏறினாய். நானும் என் மகனைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் பின்னாலேயே ஏறினேன். வண்டியில் நீ அவள் ஈரக் கவுனைக் கழற்றி எறிந்துவிட்டு உன் முந்தானையில் சுற்றிக்கொண்டாய். அவள் முகத்தைப் பார்த்தபடியே வந்தாய்.

ஆஸ்பத்திரியில் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்த டாக்டரம்மா, வாந்தி எடுத்தாளா என்று கேட்டார். எடுத்தாள் என்றாய். தானாக எடுத்தாளா, யாராவது எடுக்க வைத்தீர்களா என்று கேட்டார். அதற்குள் உன் வீட்டுக்காரரும் உன் மாமியாரும் ஓடி வந்து சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் நிற்கிறார்கள். நான் வாயைத் திறக்கத்தான் பார்த்தேன். இது நிஜம், நம்பு. என் மகனை மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

"நான்தான் டாக்டரம்மா. உப்புத்தண்ணி குட்த்தேன். எங்க வூட்டு பாட்லுதான் அது" என்றாய் நீ.

டாக்டரம்மா உன்னைத் திட்டவில்லை. ஆனால் அப்போது அவர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். தின்னர், டீசல், மண்ணெண்ணெய் இதெல்லாம் வயிற்றுக்குள் இருக்கும்போது செய்கிற கெடுதலைவிட, வாந்தியில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் செய்கிற கெடுதல்தான் அதிகம் என்றார். கக்கவைக்காமல் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது என்றார். உன் மாமியார் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உன் வீட்டுக்காரர் உன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்பது நாள். தேனுவுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் ஊசி, நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். முதல் நான்கு நாள் பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து இட்லி கேட்டாள். நீ அப்போதுதான் அழுதாய். அந்த ஒன்பது நாளும் நீ நர்சம்மாக்களை விடவில்லை. அவர்கள் ஊசி போட வந்தால் ஒரு கேள்வி, காய்ச்சல் பார்க்க வந்தால் ஒரு கேள்வி. பக்கத்துக் கட்டிலில் வெந்நீர் கொட்டிய பிள்ளை இருந்தால் அதைப் பற்றிக் கேட்பாய். எதிர்க்கட்டிலில் ஜன்னி கண்ட பிள்ளை இருந்தால் அதைப் பற்றிக் கேட்பாய். உனக்கு எழுத்து சரியாக வராது. கேட்டதையெல்லாம் ராத்திரி சாப்பாடு கொண்டுவரும் என்னிடம் ஒப்பித்துக் காட்டுவாய், மறந்துபோகாமல் இருக்க.

ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு, வராந்தாவில் வைத்து உன்னைக் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று. நான் போய் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். நீ என் மகனை வாங்கி உன் தோளில் போட்டுக்கொண்டாய்.

"என்னை திட்டுவாங்க. உன்னை தொரத்துவாங்க. கைல பால் குடிக்கிற புள்ளைய வெச்சிகினு எங்க போவே? உங்கம்மா வூட்டு கதவு தொறந்தா கீது?" என்றாய். பிறகு, "இத இத்தோட வுடு. இனிமே பேசாத" என்றாய்.

நானும் பேசவில்லை. நீ சொன்னதைத் தட்டாமல் கேட்டேன் என்று நல்லவள் மாதிரி மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்று உனக்கும் தெரியும்.

அப்புறம் நடந்ததையெல்லாம் நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். பெற்ற பிள்ளைக்கு உப்புத்தண்ணி ஊற்றினவள் என்று உன் மாமியார் சொல்லாத வாரம் இல்லை. மழைக்காலம் வந்து தேனுவுக்கு நெஞ்சு இழுக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு புதுசாகக் கிளம்பும். நீ பதிலுக்கு வாயாடுகிறவள்தான், குழம்பில் உப்பு கூட என்று சொன்னால்கூட சண்டைக்கு நிற்பாய். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சத்தமே வராது. பாத்திரம் கழுவுகிற ஓசை மட்டும் கேட்கும். நான் இங்கே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மறுநாள் காலையில் நீ சுவரைத் தட்டி, "டீ போட்டியாமே" என்று கேட்பாய். நான் இரண்டு தம்ளரில் டீ எடுத்துக்கொண்டு வருவேன்.

அடுத்த வருஷத் தடைக்காலத்தில், இதே மாதிரி வாடை வந்த காலையில், ஒரு கோணிப்பையோடு என் வாசலில் வந்து நின்றாய். என் வீட்டுக்காரர் தூக்கிப் போட்டிருந்த காலி பெயிண்ட் டப்பாக்களையெல்லாம் அதில் அள்ளிப் போட்டாய். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "வாயேன்" என்றாய், அவ்வளவுதான். வீடு வீடாகப் போனோம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் இருக்கிற தின்னர், டீசல், ஆசிட் எல்லாவற்றையும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றச்சொல்லி, டப்பாவைப் பரண்மேல் ஏற்றச்சொல்லி, காலி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வந்தாய். முதலில் யாரும் தரவில்லை. எங்க புள்ள அப்படியெல்லாம் குடிக்காது என்றார்கள். அப்போது நீ வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாய்.

நான் பண்ண தப்ப நீயும் பண்ணாத என்றுதான் தொடங்குவாய். பாட்டில் எங்கே இருந்தது, எப்படி மூக்கைப் பிடித்து ஊற்றினாய், எப்படி விரலை விட்டாய், எல்லாம் சொல்வாய். நான் செய்ததை ஒன்றுவிடாமல், நீ செய்ததாகச் சொல்வாய். நான் கோணிப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். கேட்கிறவள் முகம் வெளிறி உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்துவருவாள். பிறகு நீ சொல்வதை அவளைத் திருப்பி ஒப்பிக்கச் சொல்லுவாய்: இந்த மாதிரி எதையாவது குடித்துவிட்டால் கக்கவைக்காதே. உப்புத்தண்ணி, பால், எண்ணெய் எதுவும் கொடுக்காதே. வாயைத் துணியால் துடை, நனைந்த துணியைக் கழற்று, மேலே பட்டிருந்தால் கழுவு. அதுவாக வாந்தி எடுத்தால் குனியவை, இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவை. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடு, பிள்ளை நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் ஓடு. அவள் சரியாகச் சொல்லும்வரை நீ எழுந்திருக்கமாட்டாய்.

தெருவில் உனக்குத் தின்னர்க்கா என்று பேர் வைத்தார்கள். நீ அதற்குக் கோபித்துக்கொள்ளவே இல்லை. நாளாக ஆக, எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆனாலும் முதலில் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். குழம்பு கொட்டிய பிள்ளையின் கையில் பேஸ்ட்டைத் தடவி வைத்திருந்தவளை, "கை இன்னா பல்லாமே, பேஸ்ட்டு போட்டு தேய்க்க?" என்று கேட்டுவிட்டு, குழாயைத் திறந்து அந்தக் கையை இருபது நிமிஷம் தண்ணீரில் காட்டவைத்தாய். காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுத்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தவளிடம், "பூட்டு தொறக்கவா போவுது? சாவிய வெச்சிட்டு புள்ளைய ஒருக்களிச்சி போடு, வாயில எதுவும் வெக்காத, எத்தினி நேரம் இழுக்குதுன்னு மணிய பாரு" என்றாய். உன் பேச்சுக்குப் பாதிப் பேர் சிரித்தார்கள், ஆனால் எல்லோரும் செய்தார்கள். வருஷா வருஷம் நாம் போனோம். வருஷா வருஷம் நீ உன் கதையைச் சொன்னாய். நான் பையைப் பிடித்தேன்.

ஒவ்வொரு தடவையும் கடைசி வீடு முடிந்து திரும்பும்போது, இந்த வருஷம் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். உன் மாமியார் இருந்தவரைக்கும் அவருக்குப் பயந்தேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் நான் பயந்தது தேனுவுக்குத்தான். என் மகனைவிட என் வீட்டில் அதிகம் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள். அத்தை அத்தை என்று என் முதுகில் சாய்ந்துகொண்டுதான் பரீட்சைக்குப் படித்தாள். அவளுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டால்? அந்த ஒரு பயத்துக்காக, உன் பெண் உன்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு வயிற்றில் நோய் வந்து படுத்த அந்த மூன்று மாதமும் உன் காலைப் பிடித்துவிட்டபடி எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். உனக்கு எப்படியோ தெரிந்துவிடும். "தைலம் தீந்துப்போச்சி பாரு, வாங்கியா" என்று எழுப்பி அனுப்பிவிடுவாய்.

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

இந்த வருஷம் வாடை வந்த அன்று பத்து மணிக்குத் தேனு வந்தாள். வண்ணாரப்பேட்டை செல்ஃபோன் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தோளில் உன் கோணிப்பை. "அத்த, போலாமா?" என்றாள். அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் வீடே புது ஆள். திருவொற்றியூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண், இடுப்பில் இரண்டு வயதுப் பையன். அவளும் அதையேதான் சொன்னாள், எங்க புள்ள பாட்டிலையெல்லாம் தொடாது என்று. தேனு உன்னை மாதிரியே வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உன்னை மாதிரியே கையை ஆட்டினாள்.

"நானே குடிச்சவதான்க்கா. எங்கம்மா தெரியாத்தனமா உப்புத்தண்ணி குட்த்து கக்க வெச்சிடுச்சு. அதுலதான் ஒம்போது நாளு ஆஸ்பத்திரில கெடந்தேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் உனக்காக அவள் பட்ட வெட்கம் இருந்தது. செத்துப்போன தாயை மன்னித்துவிட்ட பெரியமனுஷித்தனமும் இருந்தது. மன்னிக்க உன்னிடம் என்ன இருக்கிறது? எனக்குத் தாங்கவில்லை.

"உங்கம்மா குடுக்கல" என்றேன். "நான் குட்த்தேன். அது என் வூட்டு பாட்லு."

அந்தப் புதுப்பெண் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், சிங்க்குக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டுவந்து வைத்தாள். தேனு அதிலிருந்த தின்னரை டப்பாவில் ஊற்றி மூடியை இறுக்கிக் கொடுத்தாள். தெருவுக்கு வந்த பிறகுதான் நின்றாள்.

"அம்மாக்கு தெரியுமா?"

தெரியும் என்றேன். ஆஸ்பத்திரியில் நீ சொன்னது, வராந்தாவில் சொன்னது, எல்லாம் சொன்னேன். வெயிலில் நின்றபடியே கேட்டாள்.

"ஆயா எங்கம்மாவ அத்தினி வாட்டி திட்டிச்சே. அப்ப நீ எங்க இருந்தே?"

"செவுத்துக்கு இந்தாண்டதான்" என்றேன்.

அவள் கோணிப்பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை, கத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மற்ற வீடுகளுக்குப் போகக் கால் வரவில்லை.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரர் வந்தார். கையெல்லாம் பெயிண்ட். தேனு சொல்லியிருக்கிறாள். என் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் தெருவையே பார்த்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நான் நின்றுகொண்டிருந்தேன். "அப்போ ஒரு மாசம் அவ கையால சாப்புடல நானு" என்றார். "சொல்லவே இல்லியே அவ." பிறகு எழுந்து போனார். நடையில் ஒரு தள்ளாட்டம் இருந்தது. அவர் குடிப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, உனக்குத் தெரியும்.

நான்கு நாள் தேனு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடமாடுகிற சத்தம் கேட்கும். நான் பிரியாணி செய்தால் வாடை அந்தப் பக்கம் போகத்தான் போகும் என்று ஒருநாள் செய்துகூடப் பார்த்தேன். வரவில்லை. அந்த நான்கு நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் இந்தத் தெரு என்னைத் துரத்தியிருக்கலாம், துரத்தாமலும் இருந்திருக்கலாம். எது நடந்திருந்தாலும் அது என் பாடு. நீ அதை உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டதை அன்பு என்கிறேன், சரிதான். அதை நான் உன் தலையிலேயே விட்டுவைத்ததற்கு என்ன பேர் சொல்வது? உன்னிடம் மன்னிப்பு கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே உட்கார்ந்து எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் விட்டேன். மன்னித்துக்கொள்.

ஐந்தாம் நாள் காலையில் தேனு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்தாள். உள்ளே எத்தனை டப்பா இருக்கிறது என்று பார்த்தாள். வெளியே போய் நின்றாள். வரச்சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன். "செருப்ப மாட்டு அத்த, வெயிலு ஏறுது" என்றாள். அத்தை என்று கூப்பிட்டுவிட்டாள். நான் எந்தக் காலில் எந்தச் செருப்பை மாட்டினேனோ தெரியாது.

இரண்டாவது வீட்டில் ஒரு பெண் வாசலில் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். கோணிப்பையைப் பார்த்ததும், தின்னர்க்கா வீட்டு ஆளுங்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். தேனு பையைக் கீழே வைத்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். கொஞ்சம் வலிக்கவே பிடித்தாள்.

"இது எங்க அத்த. நான் தின்னர் குடிச்சப்போ எனக்கு உப்புத்தண்ணி குட்த்தது இதுதான். எங்கம்மா இல்ல" என்றாள். "இது சொல்லும், கேளுக்கா."

பிடித்த கையை அவள் விடவில்லை. நான் வாசலில் உட்கார்ந்தேன். அவளும் கூடவே உட்கார்ந்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன்.